சந்தேகமிருந்தால் அப்படியே விட்டுவிடவும்

அந்தக் கேள்வியை எழுதிய மகராசன் எந்த நாட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. பெயரைப் பார்த்தால் வெள்ளைக்காரர் போல இருந்தது. அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். உங்கள் மென்பொருளை நிறுவும்போது கோப்புகளின் அனுமதி பற்றி ஒரு கேள்வி வருகிறது, அது குழப்புகிறது, தயவுசெய்து மாற்றி எழுதுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பதினோரு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. கேள்வி தெளிவாகத்தான் இருக்கிறதாம்.

தெளிவாமே. கோவில்பட்டியில் ஒரு டீச்சரம்மாவைத் திருடி என்று நாலு பேர் முன்னால் நிற்க வைத்த கேள்வி அது. அதற்கு முழுப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. பாதி என்னுடையது. அந்தப் பாதியையும் சொல்கிறேன்.

என் பெயர் சுகுணா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஊரின் வடக்கே தீப்பெட்டி ஆபீஸ்காரர் ஒருவர் நடத்திய பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளாளர் பூவனநாதன். பள்ளியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. 'மாவட்டத்திலேயே முழுவதும் கணினிமயமான பள்ளி' என்று வாசலில் போர்டு வைத்திருந்தார். உள்ளே வந்து பார்த்தால் ஒரே ஒரு நல்ல மிஷின். மீதிப் பன்னிரண்டும் தூத்துக்குடியில் ஏதோ ஒரு கப்பல் கம்பெனி கழித்துக்கட்டியவை. அவற்றில் ஹார்டு டிஸ்க் கூடக் கிடையாது. எல்லோருடைய வேலையும் அந்த ஒரே பெரிய மிஷினில்தான் கிடந்தது. ஆசிரியர், மாணவர், தலைமையாசிரியை, தாளாளர் என்று எல்லோருக்கும் அதில் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

இலவச மென்பொருள்தான் போட்டிருந்தேன். நல்ல மென்பொருள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிறுவும்போது முப்பது கேள்வி கேட்கும். அதில் பத்தாவது கேள்வி, ஒருவர் பெட்டியை இன்னொருவர் பார்க்கலாமா கூடாதா என்பது. அதை இப்படிக் கேட்டிருந்தால் நான் ஏன் இந்தக் கதையை எழுதப்போகிறேன்? முதல் தடவை அது கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி: 'பயனர் அடைவுகளில் பிறருக்கான வாசிப்பு அனுமதி நீக்கப்பட்ட நிலையை இயல்புநிலையாக அமைக்கவா?' இங்கிலீஷில் இதைவிட மோசம். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பூட்டவா என்று கேட்கிறது என்று கண்டுபிடித்தேன். ஆம் என்று சொன்னேன். எல்லாப் பெட்டியும் பூட்டிக்கொண்டது.

இங்கேதான் என் பாதி வருகிறது. எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரிடமும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். மென்பொருள் நிறுவும்போது என்ன பதில் சொன்னோம் என்று அதில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வோம். பதில் மட்டும். 1 ஆம், 2 எண்டர், 3 இல்லை, 4 எண்டர், அவ்வளவுதான். கேள்வியை எழுத மாட்டோம். இங்கிலீஷ் கேள்வியை யார் உட்கார்ந்து எழுதுவது? கைடு வாங்கிப் பாஸான ஊர்தானே, பதில் தெரிந்தால் போதாதா? என் நோட்டுக்கு ஊரில் மதிப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு சென்டர்காரர்கள் அதை வாங்கிக் காப்பி பண்ணியிருக்கிறார்கள். நான் அதில் பெருமைப்பட்டும் இருக்கிறேன். பத்தாவது வரியில் நீல மையில், '10 ஆம்' என்று எழுதியிருந்தேன்.

2003ஆம் வருடம் தீபாவளிக்கு முன்னால் பெய்த மழையில் இடி விழுந்து பெரிய மிஷினின் டிஸ்க் போய்விட்டது. லீவு முடிந்து திங்கட்கிழமை லேப் திறந்தே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி நின்றார். புது டிஸ்க் வாங்கி, ஒரு பத்திரிகையோடு வந்த புதுப் பதிப்பின் சிடியைப் போட்டேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே போனேன். முப்பது கேள்வி, வரிசை கூட மாறவில்லை. பத்தாவது வந்தபோது நோட்டைப் பார்த்தேன். ஆம்.

புதுப் பதிப்பில் அந்த மகராசன் கேள்வியைத் திருப்பிப் போட்டிருந்தார். 'கணினி முழுவதும் வாசிக்கத்தக்கனவாகப் பயனர் அடைவுகளை அமைக்கவா?' பூட்டவா என்பது திறக்கவா என்று ஆகியிருந்தது. கீழே குட்டி எழுத்தில் ஒரு வரி: சந்தேகமிருந்தால் அப்படியே விட்டுவிடவும். அப்படியே விட்டாலும் திறந்துதான் கிடக்கும். சந்தேகப்படுகிறவன் வீட்டுக் கதவை எவனாவது திறந்து போட்டுவிட்டுப் போகச் சொல்வானா? ஆனால் அன்றைக்கு அந்த வரியை நான் படிக்கவே இல்லை. நோட்டு இருந்ததே, எதற்குப் படிக்க?

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. வினாத்தாளை அவரவரே லேபில் உட்கார்ந்து அடிக்க வேண்டும் என்று அண்ணாச்சி உத்தரவு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பொன்மணி டீச்சர் அடித்தார். புதூர்ப் பக்கத்து ஊர் அவருக்கு. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். டீச்சர் மாமியாரோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஊரில் இருந்துகொண்டு, காலை முதல் பஸ்ஸில் வருவார். மழைக்காலத்தில் செருப்பில் அரைக்கிலோ கரிசல் மண்ணோடு வந்து, பள்ளிக் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் போவார். அந்த ஊரில் படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஒருநாளும் லேட்டாக வந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு. வியாழன் சாயங்காலமே அந்தத் தாள் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. அடுத்த புதன்கிழமை பொன்மணி டீச்சர் கையில் நோட்டீஸைக் கொடுத்தார்கள். வினாத்தாளை வெளியில் கொடுத்தது பற்றி விசாரணை, வெள்ளிக்கிழமை மூன்று மணி. இந்தப் பழியோடு வெளியே போனால் இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்காது. ஊர் வாயை மூட உலைமூடியும் கிடையாது. புதூர் பஸ்ஸில் அதற்குள் பேச்சாகிவிட்டது.

அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. டீச்சர் யாரிடமாவது பாஸ்வேர்டைச் சொல்லியிருப்பார் என்று நானும்தான் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வியாழக்கிழமை மத்தியானம் சும்மா அவர் பெட்டியின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். யார் எழுதியது, எந்தத் தேதி, எத்தனை மணி, யாரெல்லாம் வாசிக்கலாம் என்று அதிலேயே இருக்கும். வாசிக்கலாம் என்பதற்கு ஓர் எழுத்து. அது உடையவருக்கு ஒன்று, அவர் குழுவுக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று என்று மூன்று இடத்தில் நிற்கும். மூன்றாவது இடத்தில் அந்த எழுத்து இருக்கவே கூடாது. இருந்தது. கணக்குத் தாளுக்கு இருந்தது, என் பெட்டிக்கு இருந்தது, எல்லோர் பெட்டிக்கும் இருந்தது. எந்தப் பிள்ளையும் பாஸ்வேர்டு இல்லாமல் எந்த டீச்சரின் பெட்டிக்குள்ளும் போய் வரலாம். சிடியைத் திரும்பப் போட்டுப் பத்தாவது கேள்வியை முதல் தடவையாக முழுவதும் படித்தேன்.

ஓடிப்போய்ப் பொன்மணி டீச்சரிடம் அந்தக் கேள்வியையும் அதன் கீழிருந்த குட்டி வரியையும் சொன்னேன். அவர் ஆறுதலடைவார் என்று நினைத்தேன். எவ்வளவு கிறுக்கு நான்.

"ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல சுகுணா" என்றார். "எங்க மாமியா, வாங்கின துட்ட எங்கன வச்சிருக்கன்னு கேக்குறா. நீ ஒரு கேள்வியப் படிக்காம எண்டரத் தட்டிட்டு, இப்ப வந்து தெரியாம செஞ்சிட்டேங்கியா?"

"தப்பு எம்மேலதான் டீச்சர். நாளைக்கு நானே சொல்லுதேன்."

"சொன்னா நம்புவாவளா?"

தலைமையாசிரியை கோமதியம்மாளிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? நீ வாயத் தொறந்தா உன் வேலையும்லா போவும். நாளைக்கு அண்ணாச்சி முடிவு பண்ணுவாவ. நீ லேபப் பாரு" என்றார். கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி வைத்திருந்தவர். அன்றைக்கு அந்த வித்தியாசம் எல்லாம் எனக்குத் தெரியவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாளாளர் அறை. மேஜையில் கடம்பூர்ப் போளி. விசாரிக்க வந்தவர்கள் அண்ணாச்சி, கோமதியம்மாள், அப்புறம் கம்ப்யூட்டர் நிபுணர் என்று தூத்துக்குடியிலிருந்து பாண்டியராஜன். அந்தப் பன்னிரண்டு ஓட்டை மிஷின்களையும் எங்கள் தலையில் கட்டியவர் அவர்தான். நாலு நாற்காலி இருந்தது. நாலாவதில் பாண்டியராஜனின் பை உட்கார்ந்திருந்தது. பொன்மணி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஒருவருக்கும் அந்தப் பையை எடுத்துக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"பாஸ்வேர்ட யாருக்குச் சொன்னீங்க டீச்சர்?" என்றார் அண்ணாச்சி.

"யாருக்கும் சொல்லல அண்ணாச்சி."

"சொல்லாம தாளுக்குக் காலா மொளைக்கும்?"

பாண்டியராஜன் ஒரு போளியை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேசினார். "அண்ணாச்சி, இது லேசுப்பட்ட சிஸ்டம் கெடையாது. பாஸ்வேர்டு இல்லாம ஒருத்தர் பைல இன்னொருத்தர் பாக்கவே முடியாது. நான் எத்தன எடத்துல பாத்திருக்கேன். இவிய சொல்லித்தான் போயிருக்கும்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? அந்த ஆள் எங்கள் பெரிய மிஷின் பக்கம் வந்தே பார்க்கவில்லை. நான் கதவருகில் நின்றிருந்தேன். "முடியும்" என்றேன்.

"நீ பேசாம இரு பிள்ள" என்றார் அண்ணாச்சி.

"பேசாம இருக்க மாட்டேன் அண்ணாச்சி. எல்லார் பெட்டியும் ரெண்டு மாசமா தொறந்துதான் கெடக்கு. போடும்போது மிஷின் ஒரு கேள்வி கேட்டுது. பழைய நோட்டப் பாத்து நான் மாத்திச் சொல்லிட்டேன். டீச்சர் ஒரு தப்பும் செய்யல. எந்தப் பிள்ள வேணும்னாலும் அந்தத் தாளப் பாத்திருக்கலாம்."

கோமதியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். பாண்டியராஜன் சிரித்தார். "இவிய ரெண்டு பேரும் கூட்டுபோல" என்றார்.

அண்ணாச்சியும் சிரித்தார். அவர் அறையிலும் ஒரு மிஷின் உண்டு, வருகிறவர்கள் பார்ப்பதற்காக. அதைக் கையால் காட்டினார். "சரி. எம் பெட்டியத் தொற பாப்போம். எம் பாஸ்வேர்டு எம் பொஞ்சாதிக்கே தெரியாது. நீ தொறந்துட்டன்னா நம்புதேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் பழகுவதற்கென்று பொதுவாக வைத்திருந்த பெயரில் உள்ளே போனேன். அந்தப் பாஸ்வேர்டு லேப் சுவரிலேயே எழுதியிருக்கும். அங்கிருந்து தாளாளர் பெட்டியின் விவரத்தைக் கேட்டேன். தடங்கல் ஏதுமில்லாமல் திரையில் நாலு வரி வந்தது. நான் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன்.

"ஆண்டுவிழா அழைப்பிதழ். கட்டட அனுமதி மனு. பொன்மணி பணிநீக்கம்."

நாலாவதை என்னால் உடனே படிக்க முடியவில்லை. பொன்மணி டீச்சர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அவரே படித்தார். "வனிதா பணி நியமனம்."

வனிதா அண்ணாச்சியின் தங்கை மருமகள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அது சும்மா, மாதிரிக்கு அடிச்சு வச்சது" என்றார் அண்ணாச்சி. யாரும் கேட்காமலே சொன்னார்.

"தேதி என்ன போட்டிருக்கு சுகுணா?" என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் கூட இல்லை.

"ரெண்டுமே டிசம்பர் பதினஞ்சு, திங்கக்கெழம. காலைல பத்து பதினெட்டு, பத்து முப்பத்தொண்ணு."

"எனக்கு நோட்டீஸ் தந்தது புதன்கெழம."

கோமதியம்மாள் கையில் இருந்த போளியைத் தட்டில் திரும்ப வைத்தார். விசாரிப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே தீர்ப்பை அடித்து வைத்துவிட்டு, அப்புறம் ஓர் அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து, போளி தின்றுகொண்டே பாஸ்வேர்டை யாரிடம் சொன்னாய் என்று கேட்பதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்.

அண்ணாச்சிக்கு வேறு கவலை வந்துவிட்டது. எழுந்து வந்து திரையைக் கையால் மறைத்தார். "மொதல்ல இத மூடு. இப்படி ஊர் பாக்கவா எம் பைலு கெடக்கு ரெண்டு மாசமா? என்ன மிஷின் இது? சுத்தக் கோளாறு புடிச்ச மிஷின்லா."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரியாகப் போயிற்று.

"அண்ணாச்சி" என்றேன். "டீச்சர் பைலு தொறந்து கெடந்தப்ப அது டீச்சர் தப்பு. உங்க பைலு தொறந்து கெடந்தா மிஷின் கோளாறு. அப்படித்தானே?"

"மூடுங்கேன்லா."

நான் உட்கார்ந்து, மிஷினை நிர்வகிக்க எனக்கென்று இருந்த பெயரில் உள்ளே போய்க் கட்டளையை அடித்தேன். எல்லோருடைய பெட்டியிலும் அந்த மூன்றாவது எழுத்தை எடுத்துவிடச் சொல்லும் ஒரே வரி. எண்டரை மட்டும் அமுக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அடிச்சு வச்சாச்சு. இனி எண்டர்தான் பாக்கி. இப்ப சொன்னீங்கல்லா, மிஷின் கோளாறுன்னு. அத எழுதித் தாங்க, அமுக்குதேன்."

"உன்னையும் சேத்து வெளிய அனுப்பிருவேன் பாத்துக்கோ."

"அனுப்புங்க. நான் போனபெறவு பாண்டியராஜன் சார் வந்து மூடட்டும்."

பாண்டியராஜன் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "மூணு நாப்பதுக்கு ஒன்பதாங்கிளாசுக்கு லேப் பீரியடு அண்ணாச்சி. இன்னும் பதினொரு நிமிசம் இருக்கு. பிள்ளைக எல்லாத்தையும் தொறந்து பாக்கும். அதுகளுக்கு வழி தெரியும், கணக்குத் தாளப் பாத்ததே அதுகதான்" என்றேன். அப்போது அதை ஊகத்தில்தான் சொன்னேன். பிறகு பொங்கல் லீவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளே வந்து ஒத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். யார் எழுதுவது என்று ஒரு நிமிடம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோமதியம்மாள்தான் பள்ளிப் பெயர் அச்சடித்த தாளை இழுத்தார். "நான் எழுதுதேன்" என்றார். பேனாவைத் திறந்து எழுதினார். வினாத்தாள் வெளியானதற்குக் கணினியை அமைத்ததில் நேர்ந்த தவறே காரணம், ஆசிரியை பொன்மணி மீது குற்றம் எதுவும் இல்லை.

"கணினிய அமைச்ச சுகுணா செஞ்ச தவறுன்னு எம் பேரப் போட்டு எழுதுங்கம்மா" என்றேன். "பேரு இல்லாட்டா நாளைக்கு எவனாவது வேற பேரச் சேப்பான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். அண்ணாச்சி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படிக்காமல் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம்தான் போலிருக்கிறது. பொன்மணி டீச்சர் அந்தத் தாளை வாங்கி மூன்று தடவை படித்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு என்னை நகரச் சொன்னார்.

"எங்கன அமுக்கணும்?"

காட்டினேன். சுண்டுவிரலால் அமுக்கினார். திரையில் வரி போய் அடுத்த வரி வந்தது, அவ்வளவுதான். நான் பொதுப் பெயரிலிருந்து திரும்பவும் தாளாளர் பெட்டியைக் கேட்டேன். அனுமதி இல்லை என்று வந்தது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

டீச்சர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கேள்விக்குக் கீழ என்னமோ போட்டிருந்துச்சுன்னியே, என்னது அது?"

"சந்தேகமிருந்தால் அப்படியே விட்டுவிடவும்."

"மிஷினுக்குச் சொல்லித் தந்திருக்கான்" என்றார் டீச்சர். "எம்மேல சந்தேகம் வந்தப்ப, அப்படியே விட்டுருங்கன்னு சொல்ல இங்கன ஒரு ஆளு இல்ல. நீ கூட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மணி அடித்தது. பாண்டியராஜனின் பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, டீச்சர் அந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார்.